ஆணியில் தொங்கிய பச்சை டார்ச்

செத்துப்போனவனைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியிருந்தார்கள். ஐந்திலும் அவனுக்காக ஒரு நல்ல வார்த்தை கிடையாது. மேலே ‘விசாரணைக் குழு அறிக்கை’ என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே பதினான்காம் தேதியிட்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை காது சூடாகிவிட்டது.

அறிக்கையைக் கொண்டுவந்தவள் அவனுடைய அக்கா. பஸ் கண்டக்டர். காலை ஷிப்ட் முடித்த கையோடு யூனிபார்மிலேயே வந்திருந்தாள். தோல் பை தோளில் தொங்கியது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நாளெல்லாம் நின்று பழகிய கால்கள்.

எங்கள் மேடம் அறிக்கையை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்துபோன குடோனைச் சுற்றி வந்து, கொளுத்தியது யாரென்று சொல்வது அங்கே அவர் வேலை. இப்போது தனியாகத் துப்பறிகிறார். பேச்சு குறைவு, குத்தல் அதிகம். ஊசி மேடம் என்று பெயர். நான் அவருக்கு உதவியாள், டிரைவர், குடை பிடிக்கிறவன் எல்லாம். எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் அவர்தான். வாங்கும்போதே அணைக்கிற பொத்தான் இல்லாமல் வந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்வார்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் செடி ஆராய்ச்சிக்காரர்களும் கால்நடை ஆராய்ச்சிக்காரர்களும் கூட்டாக ஒரு வேலை செய்கிறார்கள். ஒரு செடியின் மரபணுவை மாற்றி, கன்றுக்குட்டிகளுக்கான தடுப்பு மருந்து அதன் இலையிலேயே ஊறும்படி செய்வது. கன்றுக்குக் குத்த வேண்டாம், இலையைத் தின்னக் கொடுத்தால் போதும். செடிப் பக்கத்துக்குத் தலைமை ஒரு பெண் பேராசிரியர், மாணவர்கள் வாயில் செடியம்மா; அறிக்கையில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் ஒருவர். கன்றுப் பக்கத்துக்கு ஒரு மாட்டு டாக்டர். செத்துப்போன தம்பி செடியம்மாவின் மாணவன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் பட்டத்துக்காகக் காத்திருந்தான்.

பதினேழு நாளுக்கு முன், ஒன்றாம் தேதி, நைட்ரஜன் அறையில் அவன் செத்துக் கிடந்தான். உறைய வைக்கிற நைட்ரஜனைக் குடுவைகளில் நிரப்பும் சின்ன அறை அது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றாடி ஓடாமல் கதவும் சாத்தியிருந்தால், மூச்சுவிடுகிற காற்றை வெளியே தள்ளிவிட்டு அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றாடியின் ஸ்விட்ச் கதவுக்கு வெளியே. அது நிறுத்தப்பட்டிருந்தது. கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று முறை புகார் எழுதியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் செங்கல் வெளியே சுவரோரம் கிடந்தது.

அறிக்கைப்படி, கன்றுகளின் எடைக் கணக்கைத் தம்பி திருத்தினானாம். மாட்டிக்கொள்வோம் என்று பயந்து தானே காற்றாடியை நிறுத்தி, செங்கல்லைத் தள்ளி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம். இன்று மூன்று மணிக்குப் பல்கலைக்கழக மேல்சபை கூடுகிறது. அறிக்கையை ஏற்றுக்கொண்டால் அவனுடைய ஆய்வேடு ரத்து, போலீஸ் கோப்பும் மூடப்படும்.

“அம்மா தினமும் கேக்குறாங்க மேடம்,” என்றாள் கண்டக்டர் அக்கா. “யுனிவர்சிட்டியில என்ன எழுதியிருக்காங்க, படிச்சுக் காட்டுன்னு. இன்னும் வரலைன்னு சொல்லிட்டிருக்கேன். இதை எந்த வாயால படிச்சுக் காட்டுவேன்?”

மேடத்தின் விரல் மூன்றாம் பக்கத்தில் நின்றது. அங்கே மாட்டு டாக்டரின் வாக்குமூலம். ‘மதியம் இரண்டு மணிக்குத் தம்பியைத் தேடிச் செடி அறைக்குப் போனேன். இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நைட்ரஜன் அறையையும் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.’ இரண்டே காலிலிருந்து ஏழு மணிவரை அவர் இருபது பேர் இருந்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஆகவே தம்பி உள்ளே போனது அதற்குப் பிறகு, தனியாக. கணக்கு அழகாகத்தான் இருந்தது.

“விளக்கைப் போட்டுப் பார்த்தேன்,” என்று மேடம் அந்த வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். பிறகு தம்பியின் நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அக்கா அவன் அறையிலிருந்து எடுத்துவந்தது.

பையன் குறும்புக்காரன். ஒன்றாம் தேதிப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருந்தான்: ‘இன்னிக்குக் காலை ஆறு முதல் இரவு ஏழு வரை இருட்டு. எவனாவது லைட் போட்டால் கையை ஒடித்து அவனுக்கே இலை மருந்து கட்டுவேன். இப்படிக்கு, உங்கள் அன்புள்ள.’ அடுத்த வரிகளில் காரணம் இருந்தது. அந்த ஜாதிச் செடி வெளிச்சம் ஓயாதவரை பூக்காது. ஒரே ஒரு முறை, இடையில் ஒரு நிமிஷம்கூட வெளிச்சம் படாமல் பதிமூன்று மணி நேர இருட்டைக் கொடுத்தால், பன்னிரண்டு பதிமூன்று நாளில் மொட்டு விடும். நடுவில் விளக்கு எரிந்தால் எல்லாம் பாழ். பூத்தால்தான் விதை, விதை இருந்தால்தான் ஆராய்ச்சி மேலே போகும். இருட்டில் உள்ளே போக ஒரு பச்சை டார்ச் உண்டு. அந்தப் பச்சை வெளிச்சம் மட்டும் செடிக்கு உறைக்காது.

“டார்ச் எங்க இருந்துச்சு?” என்றார் மேடம்.

நான் அறிக்கையைப் புரட்டினேன். பிணத்தை முதலில் பார்த்த அட்டெண்டர் நாலாம் பக்கத்தில் சொல்லியிருந்தார். ‘ஏழு மணிக்கு விளக்குகள் தானாக எரிந்தன, உள்ளே போனேன். டார்ச் வழக்கம்போல வெளிக்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது.’

நைட்ரஜன் அறைக்குச் செடி அறை வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் ஓர் ஆள் அகல வழி, இரண்டு பக்கமும் கண்ணாடிப் பாட்டில் அடுக்குகள். ஒரு பாட்டில்கூட உடையவில்லை. கும்மிருட்டில், டார்ச்சை வெளியே மாட்டிவிட்டு, பையன் எப்படி உள்ளே போனான்?

“செல்போன் வெளிச்சத்துல போயிருக்கலாம். இல்ல, அவனே லைட்டைப் போட்டிருக்கலாம். சாகப் போறவனுக்குச் செடி பூத்தா என்ன, பூக்காட்டி என்ன,” என்றேன். சொன்ன பிறகுதான் அக்கா பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. என் வாயில் மண்ணைப் போட.

மேடம் என்னைத் திட்டவில்லை. “சரிதான். எந்த வெளிச்சம் பட்டிருந்தாலும் செடி பூத்திருக்காது. அப்போ அறிக்கை சொல்றது நடந்திருக்கலாம். ஆனா பூத்திருந்தா, அன்னிக்கு அங்க லைட்டே எரியல. டாக்டர் சொன்னது பொய். உள்ள போனது பச்சை டார்ச். அதைத் திரும்ப ஆணியில கொண்டுவந்து மாட்டினவன் உயிரோட வெளிய வந்தவன்.”

கண்டக்டர் அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

நோட்டில் அவன் கடைசியாக எழுதிய பக்கத்தையும் மேடம் காட்டினார். அதில் இரண்டே வரி. ‘ஏழாம் நம்பர் கன்றுக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு. போன மாதம் திட்டு இல்லை. காதில் தகடு மட்டும் அதே நம்பர். டாக்டரைக் கேட்கணும்.’ கன்று செத்தால் தகட்டைக் கழற்றி வேறு கன்றின் காதில் மாட்டிவிட்டால் மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு நெற்றியையும் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டரை மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் போனோம். நீளமான நடை. இடப்பக்கம் மண் வாசனை, வலப்பக்கம் மாட்டுத் தொழுவ வாசனை, நடுவில் ஸ்பிரிட் நெடி. கூட்டு ஆராய்ச்சி என்பதை மூக்கே சொல்லிவிட்டது.

செடியம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். கண் உள்ளே போயிருந்தது. அவன் எனக்குப் பிள்ளை மாதிரி என்று சொல்லி அழுதார். அந்த அழுகை பொய் இல்லை, அதை இப்போதும் சொல்வேன். மேடம் செடியைப் பார்க்க வேண்டும் என்றதும் மறுக்காமல் கூட்டிப்போனார். சாவிக்கொத்தோடு அட்டெண்டர் முன்னால் நடந்தார்.

வெள்ளை விளக்கில் கண் கூசியது. நாற்பது தொட்டிகள், நாற்பது செடிகள், முழங்கால் உயரம், செழிப்பான இலை. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். நாற்பதாவது தொட்டிவரை பார்த்தாயிற்று. ஒரு பூ இல்லை.

“ஒண்ணுகூடப் பூக்கல,” என்றார் செடியம்மா. “அன்னிக்கு டாக்டர் தெரியாம லைட்டைப் போட்டுட்டாரு. அவருக்கு இதெல்லாம் பழக்கமில்ல. என்ன பண்றது.”

அக்கா எங்களைத் தாண்டி உள்ளே போனாள். நைட்ரஜன் அறைக் கதவு திறந்திருந்தது. புதுக் கைப்பிடி, கதவின் உள்பக்கம் மட்டும் புது பெயின்ட். அவள் அந்தப் பெயின்ட்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள். நானும் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். பெயின்டுக்குக் கீழே கீறல்கள் கையில் தட்டுப்பட்டன, வரிவரியாக. போன வாரம் அடித்தார்கள் என்று அட்டெண்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கீறலைப் பற்றியும் அறிக்கையில் இருந்தது. கடைசி நிமிஷத்தில் மனம் மாறியிருக்கலாம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

கிளம்பலாம் என்று நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் ஒரு செடியின் முன்னால் குனிந்து, இலையை விலக்கி, கணுவைத் தன் மூக்குக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குடோனில் கரித்துண்டைப் பார்க்கும்போது இப்படித்தான் நிற்பார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

“பதினாறு வருஷ வேலைன்னு அறிக்கையில போட்டிருக்கீங்க,” என்றார், நிமிராமலே.

ஆமாம் என்றார் செடியம்மா.

“ஒருத்தர் ஒரு ஸ்விட்சைத் தட்டி அதைப் பாழாக்கிட்டாரு. அதை உங்க முன்னாலதான் குழுவில சொன்னாரு. நீங்க ஏன் மேடம் ஒரு வார்த்தை திட்டல? உங்க மாணவன் கையை ஒடிப்பேன்னு எழுதி வெச்சிருக்கான். அந்தக் கோபம் அவனுக்கு உங்ககிட்ட இருந்துதானே வந்திருக்கும்?”

செடியம்மா கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார். நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன்: வலது கட்டைவிரல் நகம் முழுக்கக் கரும்பச்சைக் கறை. கீரைக்காரியின் நகத்தில் இருப்பது போல. கையுறை இல்லாமல் யாரும் ஒரு இலையைக்கூடத் தொடாத இடத்தில் இந்தக் கறைக்கு என்ன வேலை?

மேடம் அட்டெண்டரிடம் திரும்பி, இந்த அறைக் குப்பை எங்கே போகும் என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், கேட்டதற்கு மேலேயே சொன்னார். இது மரபணு மாற்றிய செடி. இதன் ஒரு துணுக்குகூட வெளிக்குப்பையில் போகக் கூடாது. மகரந்தம் காற்றில் கலந்தால் வெளிச்செடியோடு சேர்ந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் சிவப்புப் பையில் கட்டி, தேதி எழுதி, நீராவி மிஷினில் வேகவைத்துத்தான் வெளியே அனுப்புவார்கள். ஒரு வாரமாக மிஷின் ரிப்பேர். பைகள் பின்னறையில் அப்படியே கிடக்கின்றன.

“வேண்டாம்,” என்றார் செடியம்மா. சத்தமே இல்லாமல்தான் சொன்னார். அட்டெண்டர்கூட அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னறையில் செடி அறைப் பைகள் ஐந்து இருந்தன. நானே பிரித்தேன். பை நிறைய மொட்டுகள். பச்சை மொட்டு, வெள்ளை கட்டிய மொட்டு, பாதி விரிந்துவிட்ட பூ. காம்போடு கிள்ளியவை; மேடம் கணுவில் பார்த்தது இந்தக் கிள்ளிய வடுவைத்தான். ஒவ்வொரு பையின் கழுத்திலும் ஒரு சீட்டு, அதில் குண்டு குண்டான கையெழுத்தில் தேதி. பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு. ஐந்தாவது இன்றைய தேதி. அதில் மொட்டுகள் இன்னும் வாடவில்லை.

கொலையை மறைக்கிறவர் அவற்றை ஜன்னல் வழியாக வீசியிருக்கலாம், கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். பதினாறு வருஷப் பழக்கம் விடவில்லை. மகரந்தம் வெளியே போகக் கூடாதே என்று பையில் கட்டி, எப்போதும் போலத் தேதியும் போட்டு வைத்துவிட்டார்.

மேடம் முதல் பையின் சீட்டையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே தேதி, ஒரே கையெழுத்து.

செடியம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் தானாக வந்தது. பதினான்காம் தேதி காலையில் வந்து பார்த்தால் முதல் மொட்டு. சந்தோஷத்தில் அவனைக் கூப்பிடத் திரும்பினாராம். திரும்பிய பிறகுதான் அவன் இல்லை என்பது ஞாபகம் வந்ததாம். பதினோரு மணிக்குக் குழுவில் டாக்டர் விளக்கைப் போட்டேன் என்று சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை, இவருக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சாயங்காலம் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வந்து மொட்டைக் கிள்ளினார். மறுநாள் வேறு கணுவில் மொட்டு. கிள்ளக் கிள்ள வந்துகொண்டே இருந்தது என்றார்.

“வெளிய சொன்னா கூட்டு ஆராய்ச்சியே போயிடும்,” என்றார். “பதினாறு வருஷம். அவன்தான் போயிட்டான், இதுவாவது நிக்கட்டும்னு நெனைச்சேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச ஆரம்பித்திருந்தால் கட்டடமே கேட்டிருக்கும். மேடம் என் கையைப் பிடித்தார். அக்கா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை, கத்தவுமில்லை. தோல் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

“எழுதிக் குடுங்க,” என்றாள். “எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.”

செடியம்மா நாலு வரி எழுதினார். அன்று செடி அறையில் விளக்கு எரியவில்லை. டாக்டர் சொன்னது பொய். தம்பி எந்தக் கணக்கையும் திருத்தவில்லை. அவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே தேதியும் எழுதினார்.

மூன்று மணிக்கு மேல்சபைக் கூட்டம் தொடங்கியபோது வாசலில் மேடம் வரவழைத்த போலீஸ் ஜீப் நின்றது. மாட்டு டாக்டரை வெளியே அழைத்து, ஐந்து பைகளையும் முன்னால் வைத்தார்கள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். தொழுவத்திலிருந்து ஏழாம் நம்பர் கன்றையும் ஓட்டிவந்து நிறுத்தியதும், இந்தப் பைக்கெல்லாம் தேதி போட்டது யார் என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார். தம்பி அன்று கன்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டே நைட்ரஜன் நிரப்பப் போனான். இரண்டு கையிலும் குடுவை. டார்ச்சை நான் பிடிக்கிறேன் என்று இவர் வாங்கிக்கொண்டு வழிகாட்டிப் போனார். அவன் உள்ளே குனிந்து குழாயைத் திறந்ததும் செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்தினார். காற்றாடியை நிறுத்தினார். டார்ச்சை ஆணியில் மாட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். விளக்கைப் போட்டேன் என்று ஏன் சொன்னீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இருட்டு ரூமுக்குள்ள போறவன் லைட்டைப் போடுவான்தானே, அப்படிச் சொன்னால்தான் நம்புவார்கள் என்றார்.

ஜீப் போன பிறகு நடையில் நாங்கள் மூன்று பேர்தான். கண்டக்டர் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டாள். காகிதத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் போனை மடியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். யுனிவர்சிட்டியிலிருந்து வந்துவிட்டது என்று சொல்லி நாலு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.



“அப்போ அவனா சாகல,” என்றது அம்மாவின் குரல்.

“இல்லம்மா.”

“அப்படின்னா கதவைத் தட்டியிருப்பானே. கூப்பிட்டிருப்பானே. யாருக்கும் கேக்கலையா?”

அக்கா செடி அறைப் பக்கம் திரும்பினாள். பெயின்டைத் தடவிய கையை மூடிக்கொண்டாள். பதினேழு நாளாக உண்மை வேண்டும் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியவள் அவள். எங்களிடமும் அதைத்தான் கேட்டு வந்தாள்.

“இல்லம்மா,” என்றாள். “அந்தக் காத்து அப்படியாம். தூக்கம் வர்ற மாதிரி இருக்குமாம். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

“தூங்கிட்டானா?”

“ஆமாம்மா. தூங்கிட்டான்.”

போனை வைத்தாள். காகிதத்தை நாலாக மடித்து, டிக்கெட் கட்டு வைக்கும் உறையில் சொருகினாள்.   இன்று டபுள் டூட்டி, நாலரை ஷிப்டுக்கு நேரமாகிறது, பஸ் ஸ்டாப்புக்கு எந்த வழி என்று கேட்டாள்.